அமெரிக்காவில் இருக்கிறோம். 24 வயது மகன் எங்கள் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கிறான், வரி தனியாகக் கட்டுகிறான். பிரீமியத்துக்கு அரசு தந்த மானியத்தைக் காட்டும் 1095-ஏ படிவம் வந்திருக்கிறது. அந்த மானியத்தை யார் வரிக்கணக்கில் காட்டுவது?

யார் வேண்டுமானாலும் காட்டலாம், நீங்களும் மகனும் பேசி ஒத்துக்கொண்டால் போதும். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் அவசரப்பட்டு ஃபைல் பண்ணுவதற்கு முன்னால் பேச வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் மகனும் படிப்பை முடித்துவிட்டு, இன்ஷூரன்ஸ் தராத ஏதோ சின்னக் கம்பெனியில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்கிறேன். கம்பெனியே கட்டுப்படியாகும் விலையில் இன்ஷூரன்ஸ் கொடுத்தால் அவன் பங்குக்கு மானியமே கிடையாது, அது வேறு கதை.

நாங்கள் ஹூஸ்டன் பக்கம். 2022 கடைசியில் என் கணவரின் கான்ட்ராக்ட் முடிந்ததும் அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையான ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பிளான் எடுத்தேன். 26 வயது வரை பிள்ளை நம் பாலிசியில் இருக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்களே, அதை நம்பி மகனை டிபெண்டன்ட், அதாவது எங்கள் வரிக்கணக்கில் எங்களைச் சார்ந்தவன், என்று போட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு. பாலிசியில் இருப்பது வேறு, வரிக்கணக்கில் டிபெண்டன்ட் ஆவது வேறு. 2023-இல் அவனுக்கு 24 முடிந்துவிட்டது, சம்பளம் 31,000 டாலர். அவனை எங்கள் ரிட்டர்னில் சேர்க்க வழியே இல்லை.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் தோசையுமாக உட்கார்ந்து அவனே ஃபைல் பண்ணினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரிஜெக்ட் ஆகி வந்தது, மானியக் கணக்குக் காட்டும் 8962 படிவம் இல்லையாம். "அம்மா, என் பேர்ல நீ என்ன வாங்கி வெச்சிருக்கே?" என்று கத்தினான். அவனுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் எங்கள் 1095-ஏ படிவத்தில் இருப்பதால், மானியக் கணக்கு காட்டாத ரிட்டர்னை வரித்துறையான ஐஆர்எஸ் மின்வழியில் ஏற்காது. ஒரு விதத்தில் ரிஜெக்ட் ஆனது நல்லதுதான், ஏற்றிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்திக்கொண்டு இருந்திருப்போம்.

அப்புறம், வாட்ஸ்அப் குழுவில் யார் கேட்டாலும் ஒரே நம்பரைத்தான் போடுவார்கள், அந்த நம்மூர் டாக்ஸ்காரரிடம் போனோம். 350 டாலர். இருபது வருஷமாக எங்கள் வீட்டுப் பேப்பர் எல்லாவற்றையும் பார்ப்பது நான்தான், ஆனால் அவர் போனை எடுத்ததும் கேட்டது "சார் இல்லையா?" என்றுதான். நான் கேட்ட கேள்விக்கும் கணவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் சொன்ன தீர்வு: "மூணு பேரு, ஆளுக்கு மூணுல ஒரு பங்கு, அதான் சட்டம்."

சட்டம் அது இல்லை. அன்று ராத்திரி 8962-க்கான ஐஆர்எஸ் விளக்கக் குறிப்பை நானே உட்கார்ந்து படித்தேன். ஒரே பாலிசியில் இரண்டு வரிக் குடும்பங்கள் இருந்தால் 0 முதல் 100 வரை எந்தச் சதவீதத்துக்கும் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால்தான் தலைக்கணக்கு. ஒரு நிபந்தனை: பிரீமியம், பெஞ்ச்மார்க் எனப்படும் இரண்டாவது விலை குறைந்த சில்வர் பிளான் தொகை (மானியத்தைக் கணக்கிட இதைத்தான் வைத்துக்கொள்வார்கள்), இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாதாமாதம் முன்கூட்டியே போன மானியம், மூன்றுக்கும் ஒரே சதவீதம்தான்.

எங்கள் கணக்கு இப்படி. மாதப் பிரீமியம் 1,740 டாலர், பெஞ்ச்மார்க் 1,810, முன்கூட்டியே போன மானியம் 1,383. எங்கள் இருவரின் வருமானம் 58,000. தலைக்கணக்குப்படி பார்த்தால் நாங்கள் சுமார் 300 டாலர் திருப்பிக் கட்ட வேண்டும், மகனுக்குச் சுமார் 740 வரும். நூறு சதவீதத்தையும் எங்கள் பக்கம் வைத்து அவனுக்குப் பூஜ்யம் போட்டால் எங்களுக்குச் சுமார் 1,400 வரும், அவனுக்கு வருவதும் இல்லை, கட்டுவதும் இல்லை. குடும்பமாகப் பார்த்தால் ஏறத்தாழ ஆயிரம் டாலர் வித்தியாசம். காரணம் ரொம்பச் சாதாரணம்: பிரித்தால் இரண்டு வருமானத்திலிருந்தும் ஆளுக்கொரு பங்கு கழிகிறது, ஒரே பக்கம் வைத்தால் ஒரு வருமானத்திலிருந்து மட்டும். உங்கள் வீட்டில் இது தலைகீழாகவும் வரலாம், அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு சதவீதம் போட்டுப் பாருங்கள்.

இது ஏமாற்று வேலை என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஐஆர்எஸ் குறிப்பை ஒரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள். நான் சிபிஏ (கணக்குத் தணிக்கையாளர்) இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத வேண்டிய இடம் 8962-இன் நான்காம் பகுதி. பாலிசி எண், மற்றவரின் சோஷியல் செக்யூரிட்டி எண், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, சதவீதம், அவ்வளவுதான். பூஜ்யமாக இருந்தாலும் மகனும் அந்தப் படிவத்தை இணைத்தே ஆக வேண்டும், இரண்டு ரிட்டர்னையும் கூட்டினால் நூறு வர வேண்டும். இன்னொன்று, அதிகமாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு வருமானத்தைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு இருந்தது, 2026 வரி ஆண்டிலிருந்து அது இல்லை. அதனால் விண்ணப்பம் போடும்போதே மகன் தனியாக ஃபைல் பண்ணுவான் என்று சொல்லிவிடுங்கள், நான் போட்ட மாதிரி டிபெண்டன்ட் என்று போடாதீர்கள்.

மகனுக்கு இதில் சந்தோஷமில்லை, வரவேண்டிய 740 போச்சே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எங்கள் ரீஃபண்ட் வந்ததும் அந்த 740-ஐ அவனுக்கு அனுப்பிவிட்டேன். அவன் போன் பில்லை இன்னும் நாங்கள்தான் கட்டுகிறோம் என்பதை மட்டும் அவன் அப்பா ஒருமுறை சொல்லிக்காட்டினார்.