பத்து நிமிடத்தில் முடிகிற வழக்குகள்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய சட்ட நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வழக்கறிஞராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னிடம் வருவதெல்லாம் தண்டனைச் சட்டத்தின் 379வது பிரிவில் திருட்டு, 323வது பிரிவில் அடிதடி, போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிய பையன்கள், இவைதான். கோலாலம்பூரில் வார இறுதியில் வாதத்திறன் பயிற்சி ஒன்று நடக்கிறது, போகட்டுமா என்று என் சீனியரிடம் கேட்டேன். "மெஜிஸ்திரேட் கோர்ட்டில் மிட்டிகேஷன் (தண்டனையைக் குறைக்கக் கேட்கும் பேச்சு) சொல்ல வகுப்பு எதற்கம்மா? நின்று பார்த்தால் தானாக வரும்" என்றார். பள்ளியிலிருந்தே பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்று நிறையப் பேசியவள் நான். ஆனால் கோர்ட்டில் எழுந்து நின்றால் எல்லோரும் சொல்லும் அதே நாலு வரிதான் எனக்கும் வருகிறது. மெஜிஸ்திரேட் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பயிற்சி எடுத்தால் இது மாறுமா? இன்னொன்று, கட்சிக்காரரிடம் தமிழில் கேட்டுவிட்டு கோர்ட்டில் மலாயில் சொல்கிறேன். இடையில் பாதிக் கதை காணாமல் போய்விடுகிறது. இதற்கு என்ன செய்வது?

— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். உங்கள் சீனியர் இதைப் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

வகுப்புக்குப் போங்கள். சீனியர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. நின்று பார்த்தால் வரும்தான். ஆனால் பார்த்ததுதானே வரும்? ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்திலோ உங்கள் ஊர்க் கோர்ட்டிலோ ஒரு காலை முழுக்க உட்கார்ந்தால், "முதல் குற்றம், வயது குறைவு, குடும்பத்தைத் தாங்குகிறார், மனம் வருந்துகிறார்" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வதைக் கேட்பீர்கள். அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு அதுதான் வாயில் வரும். மெஜிஸ்திரேட்டும் அதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஏன் நிமிர வேண்டும்?

சின்ன வழக்குக்குப் பயிற்சி எதற்கு என்கிற எண்ணம் நம் தொழிலில் பரவலாக உண்டு. நான் நேர் எதிராக நினைக்கிறேன். கொலை வழக்கு என்றால் உயர்நீதிமன்றத்தில் நாள்கணக்கில் நடக்கும். சாட்சிகள் வருவார்கள், ஆவணங்கள் முன்கூட்டியே கைக்கு வரும், இன்று கேட்க மறந்ததை நாளைக்குக் கேட்கலாம், அதற்கு மேல் மேல்முறையீடும் இருக்கிறது. உங்கள் 379 வழக்கில் காலையில் லாக்கப்பிலிருந்து கூட்டிவருகிறார்கள், குற்றச்சாட்டை வாசிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறான், வழக்கின் விவரத்தைப் படிக்கிறார்கள், நீங்கள் எழுந்து பேசுகிறீர்கள், தண்டனை வருகிறது. எல்லாம் பத்து நிமிடம். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழி குறுகல்தான். மெஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்ப்பு வாங்கியவர், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே மேல்முறையீட்டில் கேள்வி கேட்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305வது பிரிவு. 379க்கு அதிகபட்சம் 7 ஆண்டு. முதல் வகுப்பு மெஜிஸ்திரேட் 5 ஆண்டுவரை விதிக்கலாம். சின்ன வழக்கு என்பதெல்லாம் நாம் வைத்திருக்கும் பெயர், கூண்டில் நிற்பவன் அப்படி நினைப்பதில்லை.

பட்டிமன்றத்தைப் பற்றிச் சொன்னீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது உங்களுக்கு உதவியதைவிடத் தடையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மேடையில் நாம் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறோம். சொன்னதையே மூன்று விதமாகச் சொல்லி ஏற்றிக்கொண்டே போய்க் கைத்தட்டலில் இறங்குகிறோம். மெஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்பவர் ஒரே ஒருவர், அவர் கையால் எழுதிக்கொண்டோ தட்டச்சு செய்துகொண்டோ இருக்கிறார். எழுதிக்கொள்ள ஏதாவது கொடுத்தால் போதும். தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவர்கள்தான் பயிற்சியில் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். மௌனமாக இருப்பவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, பயிற்சியில் என்ன நடக்கும்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹேம்பல் வகுத்த முறையைத்தான் காமன்வெல்த் நாடுகள் பலவற்றில் பின்பற்றுகிறார்கள். இங்கேயும் அது புதிதல்ல. நீங்கள் எழுந்து பேசுவீர்கள். பயிற்சியாளர் ஒரே ஒரு குறையை எடுத்துப் பெயர் சொல்வார். அந்த இடத்தில் நீங்கள் பேசியதை, தான் குறித்துவைத்தபடி வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வார். அது ஏன் குறை, எப்படிச் சரிசெய்வது என்று விளக்கி, தானே ஒருமுறை பேசிக் காட்டுவார். அப்புறம் நீங்கள் மறுபடி எழுந்து அதே இடத்தைப் பேச வேண்டும். இதில் கடினமானது அந்தத் திருப்பிச் சொல்லல்தான். நம் வாயிலிருந்து வந்தது இன்னொருவர் வாயில் கேட்கும்போது காது சுடும்.

நான் வகுப்பில் வைக்கும் ஒரு கற்பனை வழக்கைச் சொல்கிறேன். 22 வயதுப் பையன், லோரி கெலிண்டான் (லாரி உதவியாள்), சக தொழிலாளியை அடித்துவிட்டான், பிரிவு 323. அதிகபட்சம் ஓர் ஆண்டு சிறை, அல்லது 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். பயிற்சிக்கு வந்தவர் எழுந்து, "இவர் குடும்பத்தைத் தாங்குகிறார், கருணை காட்டும்படி வேண்டுகிறேன்" என்கிறார். நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்: குடும்பத்தில் யார் யார்? சம்பளம் எவ்வளவு? என்ன கருணை வேண்டும்? அவரிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் கையில் கொடுத்த தாளில் எல்லாமே இருந்தது.

அப்புறம், பெண் மெஜிஸ்திரேட்டைப் புவான் (அம்மா) என்று அழைத்துப் பேசிக் காட்டுவேன். "புவான், இவர் மூன்று வருடமாக ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார். முதலாளி பின்வரிசையில் இருக்கிறார். அடிபட்டவரும் அதே கம்பெனி. கிளினிக் செலவு 280 ரிங்கிட், மறுநாளே இவர் கொடுத்துவிட்டார், ரசீது இது. இருவரும் இன்றைக்கும் ஒரே லோரியில் போகிறார்கள். குற்றப்பதிவு ஏறினால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின்படி, குற்றத்தீர்ப்பைப் பதியாமல் நன்னடத்தைப் பிணையில் விடும்படி கேட்கிறேன். புவான் அதை ஏற்காவிட்டால், அபராதமாக விதிக்கும்படி கேட்கிறேன். குடும்பத்தினர் இன்று 800 ரிங்கிட் கொண்டுவந்திருக்கிறார்கள்." ஒரு நிமிடம்கூட ஆகாது. கருணை என்ற வார்த்தையே இல்லை, மனம் வருந்துகிறார் என்பதும் இல்லை. அதை ரசீது சொல்லிவிட்டது.

அந்த 800 ரிங்கிட்டைக் கவனியுங்கள். அபராதம் கட்டாவிட்டால் அதற்குப் பதில் சிறை என்று உத்தரவில் இருக்கும். கவுண்டர் மூடுவதற்குள் பணம் புரட்ட முடியாமல் உள்ளே போகிறவர்கள் உண்டு. வெளியே தூணில் சாய்ந்து நிற்கும் அம்மாவிடம், "கையில் எவ்வளவு இருக்கிறதும்மா?" என்று கேட்பதும் வாதத்திறன்தான். ஜாமினுக்கும் இதே கதை.

உண்மையில் பயிற்சியின் பெரும்பகுதி இந்தக் கேட்பதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, போலீஸ்காரர் அவசரப்படுத்த, உங்களுக்குக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் வழக்கே இருக்கிறது. இன்னொரு கற்பனை வழக்கு: பட்டறையில் வேலை செய்யும் பையன் முதலாளியின் டிரில் மெஷினை எடுத்துப் போய்விட்டான் என்று திருட்டுக் குற்றச்சாட்டு. "ஏன்பா எடுத்தே?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் மேடம்" என்பான். அதோடு முடிந்தது. "வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு என்ன நடந்துச்சு, சொல்லு. அப்புறம்?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டுல சுவத்துல ஓட்டை போடணும். வழக்கமா எடுத்துட்டுப் போவேன், திங்கக்கிழமை வெச்சிடுவேன். முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டார். இந்த வாரம் அவரோட மச்சான் கடையைப் பார்த்துக்கிட்டார்" என்று கதை வரும். அந்த 'வழக்கமா'வில் ஒரு எதிர்வாதமே இருக்கிறது. நேர்மையற்ற எண்ணம் இல்லாவிட்டால் திருட்டு இல்லை. குற்றத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல், விளைவு தெரிந்து ஒப்புக்கொள்கிறாரா என்று நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே பதிய வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 173(பி) சொல்கிறது. இந்தப் பையனை ஒப்புக்கொள்ளவைத்துவிட்டு, மிட்டிகேஷனில் "திருப்பி வைக்கத்தான் இருந்தார்" என்று நீங்கள் சொன்னால், கவனமான மெஜிஸ்திரேட் ஒப்புதலையே தள்ளிவிடுவார். கவனமில்லாதவர் தண்டனை கொடுத்துவிடுவார்.

ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல் பற்றிச் சுருக்கமாக. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மெஜிஸ்திரேட் முன் கொண்டுவந்தாக வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் நடைமுறைச் சட்டத்தின் 117வது பிரிவின்படி முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். இதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் காவல் எத்தனை நாள் என்று முடிவு செய்யும் முன் கைதானவரின் தரப்பையோ வழக்கறிஞரையோ கேட்க வேண்டும் என்று அதே பிரிவில் இருப்பதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. விசாரணை அதிகாரி 4 நாள் கேட்டால், அந்த நாட்களில் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். வாக்குமூலம் எடுத்தாகிவிட்டது, பொருள் கையில் இருக்கிறது என்றால் 4 நாள் எதற்கு? ஒரு நாள் குறைந்தாலும் அந்தப் பையன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

2012லிருந்து இயங்கும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்குகளை எடுக்க விரும்பினால் அதற்குத் தனியாக ஒரு பயிற்சி உண்டு. அதையும் முடித்துவிடுங்கள். அதில் சட்டமும் நடைமுறையும் கிடைக்கும், எழுந்து நின்று பேசும் பழக்கத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். குறுக்கு விசாரணையை வார இறுதி வகுப்பில் நன்றாகவே சொல்லித்தருவார்கள், அதனால் நான் நீட்டவில்லை.

சீனியர் சொன்னபடி நின்று பார்ப்பதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் வழக்கறிஞரைப் பார்க்காதீர்கள், மெஜிஸ்திரேட்டைப் பாருங்கள். வழக்கறிஞர் பேசி முடித்த பிறகு மெஜிஸ்திரேட் என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "பொருள் திரும்பக் கிடைத்ததா?" "இப்போது வேலை இருக்கிறதா?" "காயம் எப்படி?" என்றுதான் கேட்பார். அவை அந்த வழக்கறிஞர் சொல்லியிருக்க வேண்டிய வரிகள். ஒரு வாரம் குறித்தால் உங்கள் கோர்ட்டுக்கு என்றே ஒரு கேள்வித்தாள் தயாராகிவிடும். அதை எடுத்துக்கொண்டு லாக்கப்புக்குப் போங்கள்.

கடைசியாக மொழி விஷயம். கட்சிக்காரர் சொல்லும்போதே மனசுக்குள் மலாயில் மாற்றிக்கொண்டே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றத் தெரியாத இடங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். லாக்கப்பில் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே, பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. முழுக் கதையும் தாளில் வந்த பிறகு, கோர்ட்டுக்கு வேண்டிய ஐந்தாறு வாக்கியங்களை மட்டும் மலாயில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குற்றச்சாட்டை வாசிக்கும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். நமக்குத்தான் இரண்டு மொழியும் தெரியுமே என்று நீங்களே பக்கத்தில் நின்று கிசுகிசுக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னது குற்றச்சாட்டில் இருப்பதுதானா என்பதைக் கவனிக்க உங்கள் காது காலியாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் புரிந்தாலும் தலையாட்டுவார்கள், புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். தலையாட்டிய பிறகும் சந்தேகம் இருந்தால், ஒப்புதலைப் பதியும் முன் கட்சிக்காரருடன் பேச நேரம் கேளுங்கள். முணுமுணுத்துக்கொண்டாவது பெரும்பாலான மெஜிஸ்திரேட்டுகள் கொடுத்துவிடுவார்கள்.