தேவாலயத் தொண்டு நிறுவனம் வெளிநாட்டில் தானே வேலை செய்யாமல் உள்ளூர்க் கூட்டாளி வழியாகப் போவது ஏன்?

வளர்ச்சிப் பணிக்கும் அமைதிக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் பதில் இருக்கிறது.

1992-இல் ரோமில் ஒப்பந்தம் கையெழுத்தாகி மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் முடிந்தது. சரி, கையெழுத்துப் போட்டாயிற்று. புதைத்தும் ஒளித்தும் வைத்திருந்த துப்பாக்கிகள்? 1995-இல் அந்நாட்டுக் கிறிஸ்தவச் சபைகளின் மன்றம், ஆங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானேயின் முன்முயற்சியில், ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுக் கருவியை வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கி கொண்டுவந்தவர்களுக்குத் தையல் இயந்திரம், மிதிவண்டி, மண்வெட்டி போன்றவை கிடைத்தன. பிழைக்க வழி கொடுக்காமல் ஆயுதத்தைக் கேட்டால் யார் தருவார்கள்? வளர்ச்சியும் அமைதியும் ஒட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இதற்குத் துணைநின்ற வெளிநாட்டு அமைப்புகளில் ஒன்று பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்ட். 1945-இல், போரில் வீடிழந்த ஐரோப்பிய அகதிகளுக்கு உதவ பிரிட்டிஷ் சபைகள் தொடங்கியது அது. பணமும் தொடர்புகளும் அதனிடம் உண்டு. ஆனால் ஒளித்துவைத்த துப்பாக்கியை எடுத்துவர ஒருவருக்குத் துணிச்சல் வர வேண்டுமென்றால், எதிரே நிற்பவர் அவர் நம்பும் ஊர்க்காரராக இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை வெளியிலிருந்து அனுப்ப முடியாது. அதனால்தான் கூட்டாளி.

அப்புறம், சேர்ந்த ஆயுதங்களை வெட்டிக் கலைஞர்கள் சிற்பமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான கெஸ்டர் 2001-இல் அந்த ஆயுதங்களால் செய்த நாற்காலி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள்.