ஐந்து நோய்த் தடுப்பூசியில் பாதரசமா?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் இருக்கிறோம். அப்பா இங்கிருந்த தெர்மாமீட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். பாதரசம் என்றாலே எங்கள் வீட்டில் பயம். பென்டாவேலன்ட் ஊசியிலும் அது இருக்கிறது, ஆட்டிசம் வரும் என்கிறார்கள். மகளுக்கு இரண்டரை மாதம். இன்னும் முதல் ஊசி போடவில்லை. போடலாமா?

பதில்: போடுங்கள், வரும் புதன்கிழமையே.

உங்கள் பயம் வெறும் வதந்தியில் முளைத்ததல்ல. 2001இல் அந்த ஆலை மூடிய பிறகும், மண்ணில் கலந்த பாதரசம் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஆனால் அது உலோகப் பாதரசம். ஆவியாகி மூச்சுவழி உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரில் மீன் வழியாக வந்து மக்களைப் பாதித்தது மெத்தில் பாதரசம். உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். ஊசி மருந்தில் சேர்க்கும் தையோமெர்சாலிலிருந்து வருவதோ எத்தில் பாதரசம். கைக்குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்ததில், சுமார் நான்கே நாளில் அது பாதியாகக் குறைந்தது. அளவும் ஒரு டோஸுக்கு அதிகபட்சம் 25 மைக்ரோகிராம் அளவில்தான்.

சரி, அதை ஏன் சேர்க்க வேண்டும்? நர்சம்மா கொண்டுவரும் குப்பி ஒரு குழந்தைக்கானது அல்ல. லேபிளைப் பாருங்கள், திறந்த தேதியும் நேரமும் பேனாவில் எழுதியிருக்கும். முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள் வரை அதிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொரு முறை ஊசி உள்ளே போகும்போதும் கிருமி நுழைய வழி உண்டு. அதைப் பெருகவிடாமல் தடுப்பதுதான் தையோமெர்சாலின் வேலை. 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில், இப்படி எதுவும் சேர்க்காத குப்பியில் கிருமி பெருகி 12 குழந்தைகள் இறந்தார்கள். பி.சி.ஜி., தட்டம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றில் தையோமெர்சால் கிடையாது.

ஆட்டிசம் விஷயம்: டென்மார்க் 1992இலேயே குழந்தைகள் ஊசியில் இதை நிறுத்திவிட்டது, அமெரிக்கா 2001க்குள் ஏறக்குறைய முழுதும் எடுத்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஆட்டிசம் எண்ணிக்கை குறையவில்லை, ஏறியது. ஊசிதான் காரணம் என்றால் இறங்கியிருக்க வேண்டுமே!

எனக்குக் கவலை, இந்த ஊசி தடுக்கும் ஐந்து நோய்களில் ஒன்றான கக்குவான் இருமல்தான். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு அது வந்தால் இருமக்கூடத் தெம்பிருக்காது. மூச்சு நின்று உதடு நீலமாகும். இப்போது தொடங்கினால் நான்கு வார இடைவெளியில் மூன்று ஊசி. அன்றிரவு காய்ச்சல் வந்தால், நர்ஸ் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்காதீர்கள்.

அப்புறம், அப்பாவுக்குக் கை நடுக்கமோ ஈறு வீக்கமோ உண்டா? இருந்தால் பழைய வேலையைச் சொல்லி, நரம்பு மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.