ஸ்பெயினில் ரிட்ரீட்களையும் ஸ்பானிய மொழித் தங்கல்களையும் நடத்தும் ஹோஸ்ட் வேலை உண்மையில் எப்படிப்பட்டது?

கேள்வியை எழுதியவர் தமக்கு யோகா கற்பிக்கும் தகுதியும் இடைநிலை அளவில் ஸ்பானிய மொழியும் இருப்பதாகவும், ஸ்பெயினில் இத்தகைய வீடொன்றில் ஹோஸ்டாகச் சேரலாமா என்று யோசிப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். எட்டு ஆண்டுகளாக நான் செய்து வருவது இந்த வேலைதான். கிரனாதா மாகாணத்தில், சியெர்ரா நெவாதா மலைத்தொடரின் தெற்குச் சரிவில், அல்புஹார்ரா என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கிறது நாங்கள் நடத்தும் வீடு. வெள்ளைச் சுவர்களும் தட்டைக் கூரையும் கொண்ட பழைய வீடு அது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் தங்கலாம். வசந்த காலத்திலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் ஒரு வாரம் யோகாவும் தியானமும் ஓய்வுமாகக் கழியும் ரிட்ரீட், அடுத்த வாரம் ஸ்பானிய மொழியிலேயே பேசிப் பழகும் மொழித் தங்கல் என்று மாறி மாறி நடக்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். ரிட்ரீட்டில் யோகா வகுப்பு எடுப்பவர் வேறு, மொழி வாரத்தில் இலக்கணம் நடத்தும் ஆசிரியர் வேறு. ஹோஸ்ட் என்பவர் இவ்விரண்டுக்கும் வெளியே மீதமிருக்கும் மணிநேரங்கள் அனைத்தையும் பொறுப்பேற்பவர். பேருந்தைத் தவறவிட்டவரை ஓர்ஹிவா என்னும் ஊரிலிருந்து காரில் அழைத்து வருவது, யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்று நினைவில் வைப்பது, யாரை எந்த அறையில் தங்கவைப்பது என்று தீர்மானிப்பது, இரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து போவது எல்லாம் அதில் அடங்கும். இவர் பெண்ணானால் ஸ்பானிய மொழியில் ஆன்ஃபித்ரியோனா என்கிறார்கள். உங்கள் யோகா தகுதி இங்கே வாரத்தில் சில மணி நேரமே பயன்படும் என்பதை அறிந்துகொண்டு வருவது நல்லது.

இரண்டு வகை வாரங்களும் வெளித்தோற்றத்தில் எதிரெதிரானவை. ஒன்றில் பேச்சைக் குறைக்க வருகிறார்கள். மற்றொன்றில் விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுவதற்கென்றே வருகிறார்கள். ஆயினும் ஹோஸ்டின் பார்வையில் இரண்டும் ஒரே வேலை என்பதுதான் என் கருத்து. வந்திருப்பவர் எந்த நேரத்தில் எந்த விதமாகக் களைத்திருக்கிறார் என்பதை அவர் சொல்வதற்கு முன்பே கண்டுகொண்டு, அவர் வெட்கப்படாத வகையில் இடம் செய்து கொடுப்பதே அந்த வேலை. சமைக்கவும் வண்டி ஓட்டவும் கணக்கு எழுதவும் யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்கு மிக அதிகக் காலம் பிடித்தது இந்த ஒன்றைக் கற்பதற்குத்தான்.

அல்புஹார்ரா ஓய்வு தேடி வருபவர்களுக்குப் பழகிய இடம். லன்ஹரோன் என்னும் ஊரின் கனிமநீர்க் குளியலுக்காக மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் ஓ சேல் லிங் என்னும் திபெத்திய பௌத்தத் தியான மையத்துக்கு அந்தப் பெயரை 1982-இல் அங்கு வந்த தலாய் லாமாவே சூட்டினார். முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வெட்டிய அசெக்கியா என்னும் வாய்க்கால்கள் இன்றும் பனி உருகிய நீரை வயல்களுக்குக் கொண்டுவருகின்றன. நகரத்திலிருந்து வந்து முதல் இரவின் அமைதியில் உறங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு வாய்க்காலை ஒட்டிய அறையைக் கொடுப்பது என் வழக்கம். நீரோசை பெரும்பாலோரை உறங்க வைத்துவிடுகிறது.

ரிட்ரீட் வாரத்தின் பாதி வேலை விருந்தினர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை நான் மிகக் கசப்பான முறையில் கற்றேன். முன்பு நான் பணிபுரிந்த வேறொரு வீட்டில் உண்ணாநோன்பு வாரங்கள் நடத்தினார்கள்; வருபவர்களின் உடல்நிலை பற்றி எதையும் கேட்பதில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், உணவை நிறுத்தியபோதும் மாத்திரையை நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் மாலை அவர் வியர்த்து நடுங்கிப் பேச்சுக் குழறிய நிலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்ததை நான்தான் பார்த்தேன். சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்கவைத்து, 112-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் அந்த வளைவுகளில் ஏறிவரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் பிழைத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் நான் அந்த வீட்டை விட்டு விலகினேன்.

அதனால் இப்போது பதிவு செய்பவர் ஒவ்வொருவரிடமும் நானே தொலைபேசியில் பேசுகிறேன். என்ன மருந்து எடுக்கிறார், தினமும் எவ்வளவு மது அருந்துகிறார், கடந்த காலத்தில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றாரா என்று தயங்காமல் கேட்கிறேன். நெடுங்காலம் அதிகமாகக் குடித்து வந்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதும், நாட்கணக்கில் மௌனமாகத் தியானத்தில் அமர்வது சிலருக்கு ஆறுதலுக்கு மாறாகக் கலக்கத்தையே தரும் என்பதும் பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவரிடம், மருத்துவரைக் கண்டுவிட்டு அடுத்த பருவத்தில் வாருங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சிறிய விஷயங்களும் இந்த உரையாடலில்தான் தீர்கின்றன. ரிட்ரீட்டில் காப்பி கிடையாது என்றால், தினமும் நான்கு கோப்பை குடிப்பவருக்கு இரண்டாம் நாள் தலைவலி வருவது ஏறக்குறைய உறுதி. ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வரும்படி சொன்னால், இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை என்று அவர் மனம் சோர்ந்து போகமாட்டார்.

மூன்றாம் நாள் வாக்கில் யாராவது அழுவார். உடல் தளர்ந்ததும் அதுவரை அடக்கிவைத்தது வெளியே வருகிறது. நான் அருகில் உட்காருவேன், தண்ணீர் கொடுப்பேன், கேட்பேன். ஆனால் விளக்கம் சொல்வதில்லை. ஹோஸ்ட் மனநல ஆலோசகர் அல்லர். இந்த எல்லையைக் காக்காத நல்லவர்கள் பலர், இரண்டே ஆண்டுகளில் தாங்களே ஓய்வு தேடிப் போகும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மொழி வாரங்களில் களைப்பு வேறு வடிவம் எடுக்கிறது. காலை முதல் இரவு வரை அரைகுறையாகப் புரியும் மொழியில் வாழ்வது தலைக்குள் ஒரு பாரத்தை ஏற்றுகிறது. தம் ஊரில் வழக்கறிஞராகவோ பேராசிரியராகவோ இருப்பவர் இங்கே ஐந்து வயதுக் குழந்தையின் வாக்கியங்களோடு மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது; அந்த அவமானத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. நான் முன்பு குறிப்பிட்ட அதே வீட்டில், தாய்மொழியில் ஒரு சொல் பேசினாலும் உண்டியலில் ஒரு யூரோ போட வேண்டும் என்ற விதி இருந்தது. விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். பணி ஓய்வு பெற்ற பெண்மணி ஒருவர் மூன்று முறை நாணயம் போட்டபின் சாப்பாட்டு மேசைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்; தட்டை அறைக்கு எடுத்துச் செல்ல அனுமதி கேட்பதற்கு அவர் ஸ்பானிய மொழியில் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் பிழையே இல்லாமல் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் மேசையில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. திருத்தமெல்லாம் மறுநாள் காலை வகுப்பில்தான். மேசையில் நான் செய்வது, பிழையாகச் சொன்னதையே சரியான வடிவில் கேள்வியாகத் திருப்பிக் கேட்பது மட்டுமே. ஸ்பானிய மொழியில் ‘இருக்கிறேன்’ என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. ஒருவர் இயல்பாகவே எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்ல ‘சேர்’ (‘நான்’ என்றால் ‘சோய்’), இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்ல ‘எஸ்தார்’ (‘நான்’ என்றால் ‘எஸ்தோய்’). ‘சோய் அபுர்ரிதா’ என்றால் பேசுபவள் பிறரைச் சலிப்படையச் செய்பவள். ‘எஸ்தோய் அபுர்ரிதா’ என்றால் அவளுக்கு இப்போது சலிப்பாக இருக்கிறது. ஒருமுறை கணவரை இழந்து சில மாதங்களே ஆன ஒரு விருந்தினர் தம்மை அறிமுகப்படுத்தும்போது ‘சோய் திரிஸ்தே’ என்றார். ‘ஓய் எஸ்தாஸ் திரிஸ்தே?’, அதாவது இன்று வருத்தமாக இருக்கிறாயா என்று நான் கேட்டேன். அவர் சற்று யோசித்து ‘எஸ்தோய் திரிஸ்தே’ என்று தாமே மாற்றிச் சொல்லிக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் அவர் அந்த வினையைத் தவறவிடவில்லை.

பேச்சு வருவதற்கு வகுப்பைவிடக் கைவேலை அதிகம் உதவுகிறது. வாய்மூடி இருப்பவரைப் பாதாம் கொட்டை உடைக்கும் வேலையில் பக்கத்து வீட்டு மூதாட்டியின் அருகில் உட்கார வைப்பேன். கண்ணைப் பார்த்துப் பேசத் தேவையில்லை, இடையில் மௌனம் விழுந்தாலும் உறுத்துவதில்லை, சொல் மறந்தால் பொருளைக் கையில் எடுத்துக் காட்டலாம். மதிய உணவு இங்கே இரண்டு மணிக்குப் பிறகுதான். உணவு முடிந்தும் எழாமல் மேசையிலேயே பேசிக்கொண்டிருக்கும் ‘சோப்ரெமேசா’ ஒரு மணி நேரத்துக்கு நீளும். அதன்பின் கட்டாயமாக இரண்டு மணி நேரம் எந்த மொழியும் பேசாமல் இருக்க விடுகிறோம். ரிட்ரீட் வாரங்களிலிருந்து மொழி வாரங்களுக்கு நான் கொண்டுவந்த மாற்றம் இது ஒன்றே; அதனால் மாலைப் பேச்சு எவ்வளவு தெளிகிறது என்பதை ஆசிரியரும் ஒப்புக்கொள்கிறார்.

ஆந்தலூசியப் பேச்சைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவதும் ஹோஸ்டின் கடமை. இங்கே சொல்லின் இறுதியில் வரும் ‘ஸ்’ பெரும்பாலும் மறைந்துவிடும். ‘களைத்தவர்’ என்று பொருள்படும் ‘கன்சாதோ’ ‘கன்சாவ்’ ஆகிவிடும். கிரனாதாப் பக்கத்தில் ‘வீடுகள்’ என்று பொருள்படும் ‘லாஸ் காசாஸ்’ என்ற பன்மையை ஒருமையிலிருந்து பிரித்துக் காட்டுவது, கடைசி உயிரொலியை இன்னும் திறந்து சொல்வது மட்டும்தான். ஒருவாரத்தில் மொழித்தேர்வின் ஒரு படிநிலையை ஏறிவிடலாம் என்று நாங்கள் ஒருபோதும் விளம்பரம் செய்வதில்லை. பூட்டிக் கிடந்த நாக்கு அவிழும். அதற்கு மேல் வாக்குறுதி தருபவர்களை நம்பாதீர்கள்.

தமிழர் ஒருவரால் இதைச் செய்ய முடியுமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மொழியைப் பொறுத்தவரை நமக்கு நல்ல துணை இருக்கிறது. ‘மே துவேலே லா காபேசா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதேதான். ‘மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதேதான். ஆங்கிலம் பேசுபவர்கள் வாரக்கணக்கில் தடுமாறும் இந்த அமைப்பு நமக்கு இயல்பாகவே வருகிறது. வினையின் விகுதியே பேசுபவர் யாரென்று காட்டிவிடுவதும், நீ, நீங்கள் என்ற வேறுபாடு ‘தூ’, ‘உஸ்தேத்’ என்று அங்கும் இருப்பதும், ‘நாதா’ என்ற சொல்லில் நடுவில் வரும் மெய் ‘அது’ என்பதில் வரும் தகரத்தைப் போலவே மென்மையாவதும் உதவியாக இருக்கும். ர, ற வேறுபாட்டை உச்சரிப்பில் காப்பவர்களுக்கு ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘பெரோ’வும் ‘நாய்’ என்று பொருள்படும் ‘பெறோ’வும் குழம்பாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதைத்தான் உருப்போட வேண்டும். அஃறிணையில் பழகிய மனத்துக்கு அது எளிதில் படிவதில்லை.

சட்டமும் பணமும் அவ்வளவு இனிமையானவை அல்ல. ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள் தங்கலாம். ஆனால் வேலை செய்யக் கூடாது, இடமும் உணவும் மட்டும் பெற்றுக்கொண்டு உழைப்பதும் சிக்கலில்தான் முடியும். 2022-ஆம் ஆண்டின் 28-ஆம் சட்டத்தால் வந்த தொலைதூரப் பணியாளர் விசா முக்கியமாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்கானது. அதை நம்பி ஹோஸ்டாக முடியாது. வேலை அனுமதியோடு தங்குபவர் சொந்தமாகத் தொழில் செய்ய ‘ஆவுதோனோமோ’வாகப் பதிய வேண்டும், 2023 முதல் 2025 வரை புதிதாகப் பதிந்தவர்களுக்கு முதல் 12 மாதங்களுக்குச் சமூகப் பாதுகாப்புக் கட்டணம் மாதம் 80 யூரோ என்ற சலுகை இருந்தது, சலுகைக் காலம் முடிந்தபின் கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப அமையும். 2024 டிசம்பர் 2 முதல் தங்குபவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையத்தளத்தில் பதிய வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு. விருந்தினரின் உடல்நலக் குறிப்புகளுக்கு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளில் தனிப் பாதுகாப்பு உண்டு என்பதால் வாரம் முடிந்ததும் அவற்றை அழித்துவிடுகிறேன். தங்குமிடத்தையும் பிற சேவைகளையும் ஒரே விலைக்குச் சேர்த்து விற்பது பயணத் தொகுப்பாகக் கருதப்பட்டு நிதி உத்தரவாதம் தேவைப்படலாம். இத்தகைய காகித வேலைகளைப் பார்க்கும் ‘ஹெஸ்தோர்’ ஒருவரிடம் கேட்காமல் சொந்தமாக எதையும் விளம்பரம் செய்யாதீர்கள்.

வருமானம் பருவத்தைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்டில் வெயில், குளிர்காலத்தில் வெறுமை. அந்த மாதங்களில் நான் இணையவழி மொழிபெயர்ப்பு செய்து சமாளிக்கிறேன்.

சேர்வதென்று முடிவெடுத்தால் ஒரு முழுப் பருவத்துக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், முறையான அனுமதியோடு, ஒரு ரிட்ரீட் வாரமும் ஒரு மொழி வாரமும் மட்டும் பணிபுரிந்து பாருங்கள். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: என்னைச் சமூகப் பாதுகாப்பில் பதிவீர்களா, இரவில் அவசரம் வந்தால் பொறுப்பு யாருடையது, எனக்கென்று கதவு தாழிடக்கூடிய தனி அறை உண்டா? நான் என் முதல் வீட்டில் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. அங்கே ஏழு மாதம் சமையலறையை ஒட்டிய நடைவழியில் படுத்து, அதிகாலையில் தேநீர் தேடி வரும் ஒவ்வொருவரின் காலடியோசைக்கும் எழுந்துகொண்டிருந்தேன்.