நீச்சல் தொட்டித் தண்ணீரில் ‘சுர்’ என்கிறதா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காகப் பத்தடி விட்டத்தில், இரும்புக் குழாய்ச் சட்டம் உள்ள நீச்சல் தொட்டி வாங்கிப் புல்தரையில் வைத்திருக்கிறோம். கூடவே வந்த ஃபில்டர் மோட்டார் பழுதாகிவிட்டதால், வீட்டில் கிடந்த அரை எச்.பி. மோனோபிளாக்கை (கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்ப் மோட்டார்) மாட்டினோம். இப்போது வெறுங்காலோடு நின்று தண்ணீரைத் தொட்டால் ‘சுர்’ என்கிறது. சட்டத்தை வீட்டு எர்த்தோடு சேர்த்துவிட்டால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: மெயினை அணைத்துவிட்டு மோட்டார் பிளக்கைக் கழற்றுங்கள். காரணம் தெரியும்வரை யாரும் தொட்டியில் இறங்கக் கூடாது. டெஸ்டர் எரியவில்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். அதிலுள்ள நியான் விளக்கு 60 வோல்ட்டுக்குக் கீழே பெரும்பாலும் எரியாது. ஈர உடம்புக்கு 25 வோல்ட்டே ஆபத்து.

தொட்டியோடு வரும் மோட்டார் டபுள் இன்சுலேஷன், அதாவது மின்சாரம் கசியாமல் இரட்டைக் காப்பு, செய்தது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அதன் மேல் இருக்கும். மோனோபிளாக் அப்படியல்ல; அதன் இரும்பு உடம்பு நேராகத் தண்ணீரோடு தொடர்பில் இருக்கிறது. மலைப் பனியில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வைண்டிங்) ஈரம் குடித்தால் மின்சாரம் அந்த இரும்பு உடம்புக்குக் கசியும், அங்கிருந்து ஹோஸ் வழியாகத் தொட்டிக்கு வரும்.

எர்த் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் மலையில் பல இடங்களில் மண் மெல்லிய போர்வைதான், கீழே பாறை. மழையில் நன்றாக இருக்கும் எர்த், கோடையில் மண் காய்ந்ததும் கெட்டுவிடும். உங்கள் எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். மோட்டாரில் முழுக்கசிவு வந்தாலும் ஓடுவது சுமார் நாலரை ஆம்பியர்தான். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. அதுவரை எர்த் கம்பியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்தக் கம்பியோடு சேர்ந்த கீசர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் நிற்கும்.

ஆகவே சட்டத்தை வெறுமனே வீட்டு எர்த்தில் கட்டாதீர்கள். கட்டினால் குளியலறைக் கீசரின் கோளாறைக் கம்பி போட்டுத் தொட்டிக்கு அழைத்து வருகிறீர்கள். ஈரப் புல்லில் நிற்கும் குழந்தையின் கால் பூஜ்ய வோல்ட்டில், கை சட்டத்தின் வோல்ட்டில். ஷாக் என்பதே இந்த வித்தியாசம்தான். கையும் காலும் தொடக்கூடிய எல்லாவற்றையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாண்டிங். எர்த்திங் வேறு, இது வேறு. அமெரிக்க விதியில் நிரந்தரக் குளங்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: ஏறக்குறைய 8.4 சதுர மி.மீ. ஒற்றைச் செம்புக் கம்பியைக் குளச்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குலம் தள்ளி, 4 முதல் 6 அங்குல ஆழத்தில் வளையமாகப் புதைத்து, சட்டத்தையும் மோட்டார் உடம்பையும் அதோடு சேர்க்க வேண்டும். கழற்றி வைக்கிற சிறு தொட்டிகளுக்கு அந்த வளையத்தை அவர்கள் கேட்பதில்லை. டபுள் இன்சுலேஷன் மோட்டாரும் கசிவைக் கண்டால் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் என்கிறார்கள். உங்களுக்கும் அதுவே வழி. தொட்டியோடு வந்த வகை மோட்டாரையே வாங்குங்கள், மோனோபிளாக்கைக் கிணற்றுக்கு அனுப்புங்கள்.

அந்தக் கருவிக்கு இங்கே பெயர் ஆர்.சி.சி.பி. தொட்டிக்கென்று தனியாக, 25 ஆம்பியர் தாங்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஒன்று போடுங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க, உயிர் காக்க அல்ல. எர்த் 500 ஓம் என்ற கேவலமான நிலையில் இருந்தாலும் கசிவு 460 மில்லி ஆம்பியர் வரும், கருவி துண்டித்துவிடும். ஆனால் சாக்கெட்டுக்குள் எர்த் பின்னையும் நியூட்ரலையும் துண்டுக் கம்பியால் இணைக்கும் கெட்ட வழக்கம் இருக்கிறதே, அங்கே இது வேலை செய்யாது. கசிந்த மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால், போனதும் வந்ததும் சமம், கணக்கு சரி என்று கருவி நினைக்கும். அதைவிட மோசம், காற்றில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் அறுந்தால் மோட்டார் உடம்பு முழு 230 வோல்ட்டில் நிற்கும். சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி மோட்டாரை இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்க வேண்டாம். பேட்டரியில் ஓடும்போது மெயின் பக்கத்து ஆர்.சி.சி.பி. அதைக் காப்பதில்லை.

வீட்டு எர்த்தையும் சரிசெய்யுங்கள். குழாய் இறக்க முடியாமல் பாறை தட்டினால், 25 x 4 மி.மீ. ஜி.ஐ. பட்டையை 15 மீட்டர் நீளத்துக்கு, அரை மீட்டர் ஆழத்தில் படுக்கையாகப் புதைக்கலாம்.

கேள்வி: எங்கள் ஹோம்ஸ்டேயில் தொட்டியைச் சுற்றி சீரியல் லைட் போட விரும்புகிறோம். பிளக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் பிளக் பாயிண்டே கூடாது. மூன்றரை மீட்டருக்கு அப்பால், மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் புல்லில் போடுவதை மறந்துவிடுங்கள். கேபிளை ஹெச்.டி.பி.இ. குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். காட்டெருமை மிதிப்பதும் எலி கடிப்பதும் உங்கள் ஊரில் புதிதல்லவே. 230 வோல்ட் சீரியல் விளக்கு வேண்டாம். 12 வோல்ட் விளக்கு, அதன் சேஃப்டி டிரான்ஸ்ஃபார்மர் பிளக் பக்கத்தில். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயருக்குக் கீழே தொட்டியை வைக்காதீர்கள், இலை அள்ளும் வலையின் அலுமினியக் கழி நீளமானது. இடி கேட்டால் எல்லோரும் வெளியே.

கேள்வி: ஊட்டிக் குளிரில் தண்ணீர் ஐஸ் போல் இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் ராடு போட்டுச் சூடாக்கிவிட்டு எடுத்துவிட்டால் ஆபத்தில்லையே?
- ஒரு வாசகர், ஊட்டி

பதில்: ஆபத்து உண்டு, பலன் இல்லை. பத்தடி தொட்டியில் சுமார் 4,400 லிட்டர் பிடிக்கும். அதை 10 டிகிரி உயர்த்த 51 யூனிட் வேண்டும். ஒன்றரை கிலோவாட் ராடு 34 மணி நேரம் ஓட வேண்டும். அதற்குள் இரவுப் பனி பாதிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். ராடின் உறை விரிசல் விட்டால் தொட்டி முழுவதும் மின்சாரம். அத்தனை நேரத்தில் ஒரு குழந்தை தண்ணீருக்குள் கையை விடாது என்று யார் காவல் இருப்பது? சோலார் ஹீட்டர் தண்ணீரைக் கலந்து பாதியளவு நிரப்புங்கள், இரவில் மூடி போடுங்கள். சிறுபிள்ளைகளுக்கு முழங்கால் ஆழமே போதும்.