நூறு வாட் உடம்பு: கேள்வி பதில்

உடம்பின் ஆற்றல், வேலை, வெப்பம் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கணக்குகளுக்கு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு கிலோகலோரி என்பது சுமார் 4,184 ஜூல். உணவைப் பற்றிப் பேசும்போது 'கலோரி' என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கிலோகலோரிதான்.

கேள்வி: பாரமான பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றால் நான் செய்த வேலை பூஜ்யம் என்கிறது பாடப்புத்தகம். அப்புறம் ஏன் சார் கை இப்படிக் கடுக்கிறது?

புத்தகம் பேசுவது பெட்டியைப் பற்றி. பெட்டி நகரவில்லை, அதன் ஆற்றல் ஒரு ஜூல்கூடக் கூடவில்லை. அதே பெட்டியை ஒரு மேசை செலவே இல்லாமல் நாள் முழுக்கத் தாங்கும். தசையால் அது முடியாது. தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழையைப் பிடிக்கின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பிடிக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏடிபி மூலக்கூறு, அதாவது செல்லுக்குள் ஆற்றலைச் சுமந்து தரும் மூலக்கூறு, செலவாகிறது. கை வெளியே அசையாவிட்டாலும் உள்ளே இந்த இழுபறி ஓய்வதில்லை. அதற்குப் போகும் ஆற்றல் பெட்டியில் போய்ச் சேர்வதில்லை, தசையிலேயே வெப்பமாகிவிடுகிறது. வெளி வேலை பூஜ்யம், செலவு பூஜ்யமல்ல. தவிர, இறுகிய தசை தனக்கு வரும் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. கடுப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா உயிர்களும் இப்படித் திண்டாடுவதில்லை. சிப்பியின் ஓட்டை மூடிப் பிடிக்கும் தசையில் ஒருவிதப் பூட்டு ஏற்பாடு உண்டு. மூடியபின் மிகச் சொற்பச் செலவில் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும்.

கேள்வி: சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் 'வாட்' எவ்வளவு?

நாளுக்கு 2,000 கிலோகலோரி செலவழிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 84 லட்சம் ஜூல். ஒரு நாளில் 86,400 வினாடிகள். வகுத்தால் 97 வாட் வருகிறது, நூறு என்றே சொல்லலாம். தூக்கத்தில் இதைவிடக் குறையும், நடந்தால் சில மடங்கு ஏறும்.

ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. அதன் எடையோ உடம்பில் 2 சதவீதம்தான். இதயம் ரத்தத்தின் மேல் செய்யும் வேலையை நீங்களே கணக்கிடலாம்: சராசரி அழுத்தம் சுமார் 13,000 பாஸ்கல், நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம். பெருக்கினால் 1.1 வாட். இவ்வளவுதானா என்று தோன்றும், இவ்வளவுதான்.

கேள்வி: அப்படியென்றால் மூளையைக் கசக்கிப் படித்தால் இளைக்கலாமா?

முடியாது. மூளை சும்மா இருப்பதாக நாம் நினைக்கும்போதும் கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றலைத்தான் எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்கு போடும்போது கூடும் செலவு மிகச் சிறியது.

கேள்வி: 3 மீட்டர் உயர மாடி ஒன்றை ஏறினால் எவ்வளவு எரியும் என்று கணக்கு போட்டேன். அரை கிலோகலோரிகூட வரவில்லை. எங்கே தப்பு?

பெருக்கலில் தப்பில்லை. 60 கிலோ, 9.8, 3 மீட்டர்: 1,764 ஜூல், அதாவது 0.42 கிலோகலோரி. ஆனால் இது உடம்பு உயரே போனதன் கணக்கு மட்டுமே. தசையின் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம். எனவே உண்மைச் செலவு இரண்டு கிலோகலோரியை ஒட்டி வரும். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி. பத்து மாடி ஏறினால் இரண்டு கிராம் சொச்சம் கொழுப்புக்குச் சமம். படியேறுவது இதயத்துக்கும் காலுக்கும் மிக நல்லது. எடை குறைக்க அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

கேள்வி: இறங்கும்போது அந்த 1,764 ஜூல் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. தசை தானே நீண்டபடி உங்களைத் தடுத்து நிறுத்தி இறக்குகிறது. அந்த ஆற்றல் பெரும்பாலும் தசையில் வெப்பமாகிறது. இதை எதிர்மறை வேலை என்பார்கள். 1952இல் வெளியான ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு சைக்கிள்களைப் பின்பக்கம் பின்பக்கமாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுத்தவர் இழுத்த ஆக்சிஜன் மிதித்தவருடையதைவிட மிகவும் குறைவு. நீளும் தசைக்குச் செலவு குறைவு என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் பழக்கமில்லாமல் நெடுநேரம் இறங்கினால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். ஆற்றல் கணக்கு வேறு, தசை இழைகளுக்கு ஏற்படும் நுண்சேதம் வேறு.

கேள்வி: உணவை எரித்து வெப்பம், வெப்பத்திலிருந்து இயக்கம். உடம்பும் நீராவி எந்திரம் மாதிரிதானே?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெப்ப எந்திரம் எதுவானாலும், சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைக் கொண்டுதான் வாழ்கிறது. அதன் உச்சபட்சச் செயல்திறனைக் கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824இலேயே ஆராய்ந்துவிட்டார். உடம்பின் உள்ளே 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். வெளிக்காற்று 27 டிகிரி, 300 கெல்வின். வித்தியாசம் 10, அதை 310ஆல் வகுத்தால் 3 சதவீதம். தசையோ 25 சதவீதம் வரை தருகிறது. வெளியே 300 கெல்வின் இருக்கும்போது ஒரு வெப்ப எந்திரம் அவ்வளவு தர வேண்டுமானால், அதன் சூடான பக்கம் 400 கெல்வினாக இருக்க வேண்டும். அது 127 டிகிரி. தசைக்குள் அப்படி ஒரு இடம் இருந்தால் அது வெந்துபோயிருக்கும்.

எனவே தசை வெப்பத்திலிருந்து வேலை எடுப்பதில்லை. வேதியாற்றலை நேராக இழுவிசையாக மாற்றுகிறது. இழப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. உணவின் ஆற்றலை ஏடிபியாக மாற்றும்போது பாதிக்கு மேல் வெப்பமாகப் போகிறது. ஏடிபியைக் கொண்டு இழுக்கும்போது மீதியில் ஏறக்குறைய பாதி. இந்த வெப்பம் உடம்பைக் கதகதப்பாக வைக்கும், அதோடு சரி. அதைத் திரும்ப வேலையாக்க உடம்பில் வழியே இல்லை.

கேள்வி: ஆற்றல் அழியாது என்ற விதி உயிருக்கும் பொருந்தும் என்பதை யார் காட்டியது?

கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1840இல் டச்சுக் கப்பலில் ஜாவாவுக்குப் போனார். அங்கே மாலுமிகளின் சிரை ரத்தம் (இதயத்துக்குத் திரும்பும் ரத்தம்) வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்ததைக் கண்டு, வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைக்கக் குறைவாக எரித்தால் போதும், அதனால் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று ஊகித்தார். அந்த நூலைப் பிடித்துப் போய், வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று 1842இல் எழுதினார். நேரடி நிரூபணம் பின்னால் வந்தது: 1890களில் ஜெர்மனியில் ரூப்னர் என்ற உடலியலாளர் நாயை வைத்தும், அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் மனிதரையே ஒரு அளவீட்டு அறைக்குள் தங்கவைத்தும், உள்ளே போன ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் நெருக்கமாகப் பொருந்துவதைக் காட்டினார்கள்.

கேள்வி: காற்றாடி காற்றைக் குளிர்விப்பதில்லை. பின்னே ஏன் குளிர்கிறது?

முதலில் அவசரம் என்ன என்று பாருங்கள். 60 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 210 கிலோஜூல் போதும். உங்கள் நூறு வாட் வெளியேற வழியில்லை என்றால் 35 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். சைக்கிளை 250 வாட்டில் மிதிப்பவருக்குள் 750 வாட் வெப்பம் சேர்கிறது. அவர் நிலைமையை யோசியுங்கள்.

காற்றாடி செய்வது இரண்டு. தோலை ஒட்டி நிற்கும் சூடான காற்றை விரட்டுகிறது, வியர்வையை வேகமாக ஆவியாக்குகிறது. இரண்டாவதுதான் பெரியது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 24 லட்சம் ஜூல் வெளியேறும். அந்த சைக்கிள்காரரின் ஒரு மணி நேர வெப்பத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தேவை. ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் பயன் அநேகமாக இல்லை.

காற்று தோலைவிடச் சூடாக, அதாவது 35 டிகிரிக்கு மேல் போய்விட்டால் காற்றாடி உங்கள் மேல் வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டும். காற்று வறண்டிருந்து, உடம்பில் வியர்க்க நீரும் இருந்தால் ஆவியாதல் ஓரளவு சமாளிக்கும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் நிலையில் அதுவும் நின்றுவிடும். எவ்வளவு வியர்த்தாலும் வெப்பம் வெளியேறாது. ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கேள்வி: ஐஸ் தண்ணீர் குடித்தால் கலோரி எரியுமாமே?

அரை லிட்டரைப் பூஜ்யத்திலிருந்து 37 டிகிரிக்கு ஏற்ற 18.5 கிலோகலோரி வேண்டும். அதையும் உடம்பு புதிதாக எரித்துத்தான் தர வேண்டும் என்பதில்லை. எப்படியும் தோல் வழியே வீணாகப் போக இருந்த வெப்பத்தில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டாலே போதும்.

கேள்வி: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அது ஆற்றலாக மாறிவிடுகிறதா?

நிறை அப்படியே இருக்கிறது, உங்களிடம் இல்லை அவ்வளவுதான். சுமார் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ நீராகிறது. ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி உண்மையில் குறையும் நிறை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு.

கேள்வி: குளிரில் நடுங்குவது எதற்கு? கைக்குழந்தைகள் நடுங்குவதைப் பார்த்ததில்லையே?

நடுக்கத்தில் எதிரெதிர்த் தசைகள் சேர்ந்து இயங்குகின்றன. வெளி வேலை எதுவும் நடப்பதில்லை, ஆகவே செலவு முழுவதும் வெப்பம். ஓய்வுநிலையைவிடச் சில மடங்கு வரை ஏறும். பிறந்த குழந்தைக்கு நடுங்கும் திறன் குறைவு, பதிலுக்குப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதன் செல்களுக்குள் ஏடிபி தயாராகும் இடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு புரதம், ஏடிபி செய்யப் பயன்பட வேண்டிய புரோட்டான்களைக் குறுக்கு வழியில் கசியவிடுகிறது. ஏடிபி உருவாவதில்லை, தசை அசைவதில்லை, ஆற்றல் முழுவதும் நேரே வெப்பமாகிறது. பெரியவர்களிடமும் கழுத்து, தோள்பட்டைப் பக்கம் இது கொஞ்சம் மிச்சமிருக்கிறது.