நன்கொடை நடைப் பயிற்சியில் சுண்டுவிரல் கொப்புளம்

நன்கொடை திரட்டும் நடைக்குப் பயிற்சி செய்யும்போது சுண்டுவிரலில் கொப்புளம் வருகிறது, சாக்ஸை மாற்றுவதா ஷூவை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சாக்ஸை மாற்றுங்கள். ஷூவை அப்புறம் பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போய்த் திரும்பும்போது மட்டும் கொப்புளம் வருகிறது என்றால், பெரும்பாலும் வேர்வைதான் காரணம். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஊறிய தோல் உரசினால் சீக்கிரம் கொப்பளித்துவிடும். பாலியஸ்டர் கலந்த ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் 2 ஜோடி வாங்கி, குன்றக்குடியில் காலைத் துடைத்து உலரவிட்டு மாற்றுங்கள்.

நடந்து வந்ததும், கால் வீங்கியிருக்கும்போதே ஷூவோடு நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் ஷூ சின்னது. புது ஷூவை நடை நாளன்று முதன்முதலாகப் போடவே வேண்டாம்.

நன்கொடையாளர்கள் தூரத்துக்குத்தான் தருகிறார்கள், வேகத்துக்கு அல்ல. நின்று காலைக் கவனியுங்கள்.

கொப்புளத்தைக் குத்தாமல் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் நடையைத் தொடராதீர்கள்.